14.100 இல் பத்து விநாடி

ஒரு பழைய மின்குமிழ் எரியும் அளவு சக்தி, நூறு வாற். செங்குத்தாக நிற்கிற ஒரு அன்ரெனா. மூன்று நிமிடத்துக்கு ஒருக்கா பத்து விநாடி. இவ்வளவோடு கொழும்பில் இருந்து புறப்படும் ஒரு சிக்னல் ரொறன்ரோவில் உள்ள என்ர மேசை வரைக்கும் வரலாம். வராமலும் போகலாம். எந்த நேரத்தில் வருகிறது, எப்போது வருவதில்லை என்று அறிவதற்காகவே உலகெங்கும் 18 இடங்களில் இப்படியான நிலையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஹாம் றேடியோக்காரர் இவற்றை பீக்கன் என்று சொல்வார்கள். காதால் பார்க்கிற வெளிச்சவீடு என்று வைத்துக்கொள்ளுங்கோ.

வட கலிபோர்னியா டிஎக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற தன்னார்வ அமைப்பு 1979 இல் ஒரே ஒரு பீக்கனோடு தொடங்கிய வேலை இது. இன்று சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியமும் சேர்ந்து நடத்துகிறது. நியூயோர்க், ஹவாய், நியூசிலாந்து, ஜப்பான், ஹொங்கொங், கொழும்பு, கென்யா, பின்லாந்து, பெரு என்று பட்டியல் நீளும். எல்லா நிலையமும் ஜிபிஎஸ் நேரத்தைப் பார்த்து, ஒன்று முடிய மற்றது என்று வரிசையாக ஒலிக்கும். 14.100 மெகாஹேர்ட்ஸில் ஒருவருக்குப் பத்து விநாடி. பதினெட்டுப் பேருக்கு மூன்று நிமிடம். பிறகு திரும்பவும் முதலில் இருந்து.

அந்தப் பத்து விநாடிக்குள் நடப்பது இதுதான். முதலில் நிலையத்தின் பெயர் மோர்ஸ் குறியீட்டில் போகும். கொழும்பின் பெயர் 4எஸ்7பி. பிறகு ஒவ்வொரு விநாடி நீளத்தில் நாலு 'டா...' ஒலிகள். முதலாவது 100 வாற், அடுத்தது 10, அதற்கடுத்தது 1, கடைசி 0.1 வாற். நாலில் எத்தனை கேட்டது என்று எண்ணினால் போதும், பாதை எவ்வளவு நல்லாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். சில நாளில் அந்தக் கடைசி 0.1 வாற் கூட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிக் கேட்கும். முதல் தடவை கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் இடையில் சுமார் 14,000 கிலோமீட்டர். ஆகக் குறுகிய பாதை அத்திலாந்திக் கடலைத் தாண்டிப் போவதில்லை. வடக்கே ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலால் போகிறது. பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டினால் உடனே விளங்கும். வானத்தின் மேல் அடுக்கான அயனமண்டலத்தில் பட்டு, தரையில் பட்டு, திரும்பத் திரும்பத் தாவித்தான் சிக்னல் வரவேண்டும். வடதுருவ ஒளி ஆடுகிற பகுதி வழியில் இருப்பதால், சூரியன் கொஞ்சம் கொந்தளித்தாலே இந்தப் பாதை அடைபட்டுவிடும். லண்டனில் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவரின் பாதை அவ்வளவு வடக்கே போவதில்லை.

என்ர ஒன்பது வயது மகள் ஒரு நாள் கேட்டாள்: "அப்பா, கொழும்பு ஏன் கதைக்கேல்லை?"

நல்ல கேள்வி. பதில் இரண்டு. ஒன்று, பாதை மூடியிருக்கலாம். மற்றது, நிலையமே நின்றுபோயிருக்கலாம். கேட்கிறவரின் காதுக்கு இரண்டும் ஒரே அமைதிதான். மென்பொருள் வேலையில் எங்களுக்கு இது பழகின தலையிடி. ஒரு சேர்வர் பதில் சொல்லாவிட்டால், விழுந்தது சேர்வரா, நடுவில் உள்ள நெற்வேர்க்கா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பீக்கன் ஒழுங்காக இயங்குகிறது என்ற நம்பிக்கை இருந்தால்தான் அதன் அமைதி வானத்தைப் பற்றி ஏதாவது சொல்லும். அந்த நம்பிக்கையைத் தருவது பராமரிப்பு.

எங்கள் ஊர் ஹாம் கழகம் 28 மெகாஹேர்ட்ஸில் சின்னதாக ஒரு பீக்கனை நடத்துகிறது. மேலே சொன்ன பதினெட்டில் ஒன்றல்ல. சில வாற் மட்டும்தான். ஒவ்வொரு வருடமும் பனிக்கு முதல் நாலைந்து பேர் போய்ப் பார்ப்போம். இழுத்துக் கட்டின கயிறு வெயிலில் நைந்திருக்கா? தரையில் பரப்பின கம்பிகளை யாராவது புல்லோடு சேர்த்து வெட்டிவிட்டார்களா? இணைப்புகளில் பச்சை பூத்திருக்கா? உறைமழை பெய்தால் அன்ரெனாவில் விரல் தடிப்புக்குப் பனிக்கட்டி ஏறும். அந்தப் பாரத்தைத் தாங்குமா?

அன்ரெனா ஏற்றுக்கொள்ளாத சக்தி கேபிள் வழியே திரும்பி வரும். அதை அளக்க ஒரு மீற்றர் இருக்கு. அளவு 1.5 என்றால் நூற்றுக்கு நாலு பங்கு திரும்புகிறது, பிரச்சினை இல்லை. 3 என்றால் கால்வாசி திரும்புகிறது, கவனிக்க வேண்டும்.

ஆனால் மீற்றரை மட்டும் நம்பக்கூடாது. இரண்டு வருடத்துக்கு முதல், தெற்கே 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒருவர் எழுதினார்: "உங்கட பீக்கன் முந்தின மாதிரி இல்லை. ஒரு மாதமாக மெலிந்து போகுது." போய் அளந்தோம். மீற்றர் முந்தியதை விட நல்ல எண் காட்டியது! இணைப்பைக் கழற்றினால் உள்ளே ஈரம். சுற்றியிருந்த ரேப் பழுதாகி, கேபிளுக்குள் தண்ணீர் ஊறியிருந்தது. ஈரக் கேபிள் போகும்போதும் சக்தியைத் தின்னும், திரும்பும்போதும் தின்னும். திரும்பி வருவது குறைந்தால் மீற்றர் "எல்லாம் சுகம்" என்றுதான் சொல்லும். புதுக் கேபிள் போட்ட பிறகு அவருக்கு எழுதினோம். அடுத்த கிழமை அவரிடமிருந்து ஒரே வரி: "வந்திட்டுது."

தூரத்தில் இருந்து ஒழுங்காகக் கேட்பதும் பராமரிப்புத்தான். கிட்ட நிற்பவருக்குத் தெரியாதது தூரத்தில் இருப்பவருக்குத் தெரிகிறது. அதற்கு ஏணியும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். பிள்ளைகளால் இன்றைக்கே செய்ய முடியும்.

வானொலிப் பெட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நெதர்லாந்தின் ட்வென்ரே பல்கலைக்கழக வானொலிக் கழகம் நடத்துவது போன்ற இணைய வாங்கிகளை பிரௌசரிலேயே திருப்பலாம். 14.100 மெகாஹேர்ட்ஸில் வைத்து, சிடபிள்யூ என்பதைத் தெரிவு செய்யுங்கோ. மோர்ஸ் படிக்கத் தேவையில்லை. சரியான மணிக்கூடு போதும். ஒவ்வொரு மணித்தியாலமும் தொடங்கி 1 நிமிடம் 30 விநாடியில் கொழும்பின் முறை. பிறகு 4:30, 7:30 என்று மூன்று மூன்று நிமிடமாக வரும்.

கொப்பியில் நாலு நிரல் போடச் சொல்லுங்கோ: திகதி, நேரம், நிலையம், எத்தனை 'டா' கேட்டது. சூரியன் எழும், விழும் நேரங்களை ஒட்டிக் கேட்டால் வித்தியாசம் நல்லாகத் தெரியும். ஒன்றும் கேட்காவிட்டால் வேறொரு நாட்டு வாங்கியிலும் கேட்டுப் பாருங்கோ. அங்கே கேட்டால் அடைபட்டது உங்கள் பாதை. எங்கேயும் கேட்காவிட்டால், நிலையம் இயங்குகிறதா என்று திட்டத்தின் இணையத்தளத்தில் பாருங்கோ. தன்னார்வலர்கள் பார்க்கிற வேலை என்பதால் சில நிலையங்கள் மாதக்கணக்கில் நிற்பதும் உண்டு.

பெரும்பாலான நாடுகளில் கேட்பதற்கு உரிமம் தேவையில்லை, அனுப்புவதற்குத்தான் பரீட்சை. பிறகு பிள்ளை அன்ரெனா கட்ட ஆசைப்பட்டால் ஊர்க் கழகத்தில் சேர்த்துவிடுங்கோ. மின்கம்பிக்குக் கிட்ட எதையும் தூக்கி நிறுத்தக்கூடாது என்பது அங்கே முதல் பாடம்.

என்ர மகளின் கொப்பியில் கொழும்புக்கு நேரே இதுவரைக்கும் பூச்சியங்கள்தான் கூட. அவள் அவற்றையும் விடாமல் எழுதுகிறாள். பூச்சியம் எழுதினால்தான் ஒன்று வந்த நாள் எது என்று தெரியுமாம்.