மூச்சைக் காக்கும் படிப்பு: ரெஸ்பிரேட்டரி தெரபி பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். "பயாலஜி எடுத்துப் படிச்சாச்சு, நீட்டில் மார்க் வரலை, இனி என்ன செய்றது?" மதுரை கோரிப்பாளையத்திலும் நெல்பேட்டையிலும் கேட்கும் இந்தக் கேள்வி மேலூரிலும் வாடிப்பட்டியிலும் கேட்கிறது. டாக்டர் இல்லையென்றால் நர்சிங், அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஒரு டிகிரி என்று பலர் முடித்துவிடுகிறார்கள். இடையில் இருக்கும் நல்ல படிப்புகள் நம் கண்ணில் படுவதே இல்லை. அவற்றில் ஒன்றான பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி பற்றி இங்கே பார்ப்போம். தமிழில் சுவாச சிகிச்சைப் படிப்பு என்று சொல்லலாம்.

2021 மே மாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆக்சிஜன் படுக்கைக்காக மருத்துவமனை வாசலில் குடும்பங்கள் காத்துக் கிடந்தன. பல ஊர்களில் ஜமாஅத்துகளும் இளைஞர்களும் பணம் திரட்டி ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கினார்கள். எந்திரம் வந்துவிட்டது. ஆனால் யாருக்கு எத்தனை லிட்டர் வைப்பது, எப்போது குறைப்பது, எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. அந்த வேலையைப் படித்தவர்தான் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்.

இவர் என்ன செய்வார்?

ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரைப் பொருத்துவது, நோயாளியின் நிலைக்கேற்ப மருத்துவரின் வழிகாட்டுதலில் அதன் அளவுகளை மாற்றுவது, மெல்ல மெல்ல அதிலிருந்து விடுவிப்பது ஆகியவை இவருடைய முதன்மைப் பணி. குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் விரியாமல் திணறும் சிசுவுக்கு மூக்கு வழியாக அழுத்தக் காற்று கொடுப்பதும், ஆஸ்துமா நோயாளிக்கு நுரையீரல் திறன் சோதனை செய்வதும் இவர்தான். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து அதிலுள்ள வாயு அளவைப் பார்ப்பார். இன்ஹேலரை எப்படி இழுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தருவார். இந்தக் கடைசி வேலை சிறியதாகத் தெரியலாம். ஆனால் இன்ஹேலரைத் தவறாகப் பிடித்து, மருந்து முழுவதும் தொண்டையிலேயே தங்கி, "இது எனக்குக் கேட்கவில்லை" என்று விட்டுவிட்ட பெரியவர்கள் நம் உறவுகளில் எத்தனை பேர்!

மாணவர்களின் கைகளில் தொடங்கிய வரலாறு

1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து குழந்தைகள் இறந்துகொண்டிருந்தனர். பிளெக்டம் மருத்துவமனையில் இருந்த செயற்கை சுவாச எந்திரங்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தலாம் என்று காட்டினார். அந்தப் பையை இரவு பகலாக அழுத்துவதற்கு ஆள் வேண்டுமே? சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து வந்து அழுத்தினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய ஐ.சி.யூ. பிறந்தது அங்கேதான். பின்னாளில் வென்டிலேட்டர் எந்திரங்கள் பெருகின. அவற்றை அறிந்து இயக்க ஒரு தனித் தொழிலும் வளர்ந்தது.

நான்கு ஆண்டுகளில் என்ன படிப்பார்கள்?

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது 3 ஆண்டு படிப்பு, அதன்பின் 1 ஆண்டு கட்டாய மருத்துவமனைப் பயிற்சி. முதலில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர் வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் போன்ற அடிப்படைப் பாடங்கள். பிறகு நுரையீரல் நோய்கள், ஆக்சிஜன் கருவிகள், ரத்த வாயுப் பரிசோதனை, வென்டிலேட்டர், சிசுக்களுக்கான சுவாச சிகிச்சை.

இது மனப்பாடப் படிப்பு அல்ல. கணக்கும் நிதானமும் வேண்டிய படிப்பு. மூன்று உதாரணங்களைப் பாருங்கள்.

ஒன்று: 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஒரு நோயாளிக்குப் போகிறது. எத்தனை நேரம் வரும்? 700 நிமிடம், அதாவது 11 மணி 40 நிமிடம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஆம்புலன்சில் கொண்டுபோகும்போது இந்தக் கணக்குத் தவறினால் உயிர் போகும்.

இரண்டு: வென்டிலேட்டர் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று தள்ள வேண்டும்? நுரையீரல் பழுதான நோயாளிக்குக் கிலோவுக்கு 6 மில்லி என்பது இன்றைய பொது விதி. ஆனால் அந்தக் கிலோ தராசில் காட்டும் எடை அல்ல. உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. 160 செ.மீ. உயரமுள்ள ஆண் 90 கிலோ இருந்தாலும் கணக்குக்கு அவர் 57 கிலோதான். உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை அல்லவா? சரியான அளவு சுமார் 340 மில்லி. தராசை நம்பினால் 540 மில்லி போகும், நுரையீரல் காயப்படும்.

மூன்று: ஆக்சிஜன் கூடுதலாக வைத்தால் நல்லதுதானே என்று நாம் நினைக்கிறோம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள முதியவர்களுக்கு அது ஆபத்தாகலாம். ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, மயக்கத்தில் ஆழ்ந்துவிடக்கூடும். பெரும்பாலும் அவர்களுக்கு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும். வீட்டில் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டித் திருகக் கூடாது என்பது இதனால்தான்.

மதுரைக்கு ஏன் தேவை?

கோரிப்பாளையம் தர்காவுக்கு அருகிலேயே இருக்கிறது அரசு ராஜாஜி மருத்துவமனை. 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. தென்மாவட்டங்களிலிருந்து மோசமான நிலையில் உள்ளவர்கள் இங்கேதான் வருகிறார்கள். தோப்பூரில் காசநோய்க்கென இயங்கி வந்த அரசு நெஞ்சக மருத்துவமனை, கொரோனா காலத்தில் அதற்கான சிகிச்சை மையமாகவும் உழைத்தது.

சுற்றுவட்டாரத்தையும் நினைத்துப் பாருங்கள். பஞ்சாலைகளில் ஆண்டுக்கணக்கில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்கள், மேலூர்ப் பக்கம் கல் உடைத்தவர்கள், விறகடுப்புப் புகையில் சமைத்தே வயதான நம் பாட்டிமார்கள், காசநோய் குணமான பின்னும் மூச்சு வாங்குபவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் மாத்திரையோடு சேர்த்து மூச்சுப் பயிற்சியும் தேவை. அதைக் கற்றுத்தரப் படித்த கைகள் வேண்டும்.

சேர்வது எப்படி?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு பாராமெடிக்கல் படிப்புகளுக்கெனத் தனி விண்ணப்பம் வெளியிடும். இதுவரை பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படியே கலந்தாய்வு நடந்து வருகிறது. விதிகள் மாறக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டின் கையேட்டை முழுமையாகப் படியுங்கள். எந்தக் கல்லூரியில் இந்தப் படிப்பு உள்ளது, எத்தனை இடங்கள் என்பதும் அதில் இருக்கும்.

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடு நமக்கு உண்டு. சாதிச் சான்றிதழை ரிசல்ட் வந்த பிறகு தேடி அலையாமல் முன்பே வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டமும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. வட்டிக் கடனுக்குத் தயங்கும் குடும்பங்கள் இந்த உதவிகளையும், ஜமாஅத்தின் கல்வி உதவியையும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

ஏமாறாமல் இருக்க

மருத்துவத் துறைப் பெயர்களில் ஆறு மாதச் சான்றிதழ் தரும் நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம்? பயிற்சிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா? ஐ.சி.யூ.வில் எத்தனை படுக்கைகள்? இப்பாடம் நடத்துபவர் இதையே படித்தவரா? 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய இணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் இத்தொழிலையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. டிப்ளமோவுக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது அச்சட்டம். ஆறு மாதத்தில் இது முடியுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

வளைகுடா வேலையை மனதில் வைப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். அங்கே சான்றிதழ்களைப் பல்கலைக்கழகத்திடமே கேட்டுச் சரிபார்க்கிறார்கள். தகுதித் தேர்வும் எழுத வேண்டும். அங்கீகாரமில்லாத காகிதம் அந்த இடத்தில் நின்றுவிடும். அமெரிக்காவில் பணிபுரிய அவர்களுடைய தனித் தகுதிகள் தேவை. நம் பட்டம் மட்டும் போதாது.

மகளை அனுப்பலாமா?

பல பெற்றோர் கேட்பது இது. உள்ளதைச் சொல்கிறோம்: இரவுப் பணி உண்டு, பண்டிகை நாளிலும் பணி உண்டு. மரணத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். தொடக்கச் சம்பளமும் பெரிதாக இருக்காது. அதே நேரம், மூச்சுத் திணறும் பெண் நோயாளி தன் அருகில் ஒரு பெண் நிற்பதையே விரும்புவார். விடுதி, போக்குவரத்து, பணி நேரம் ஆகியவற்றைக் கல்லூரிக்கு நேரில் போய்க் கேளுங்கள். படித்து முடித்த ஒருவரிடம் பிள்ளையைப் பேசவையுங்கள். பிறகு முடிவைப் பிள்ளையோடு சேர்ந்து எடுங்கள்.

இன்னொரு பெருந்தொற்று வரும்போதும் நாம் பணம் திரட்டுவோம், எந்திரம் வாங்குவோம். அப்போது அதன் பக்கத்தில் நின்று, "பயப்படாதீங்க வாப்பா, மெதுவா மூச்சை இழுங்க" என்று சொல்ல நம் மஹல்லாவிலேயே ஒரு பிள்ளை இருக்க வேண்டும். அதற்கான விண்ணப்பம் இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கும் ஒருவரின் கையில் இருக்கட்டும்.