பழைய மோட்டாரும் டீசல் மோட்டாரும்

மும்பை மாநகரில் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் மோட்டார் ஒன்றை வைத்திருப்போர் என்றேனும் ஒரு நாள் ஒரு கேள்வியை எதிர்கொள்ள வேண்டியவராகின்றனர். இவ்வண்டியைப் பழுதுபார்த்து இன்னும் சில காலம் ஓட்டுவதா, அன்றி இதனை விற்றுவிட்டுப் பிறர் ஓட்டிய டீசல் வண்டி ஒன்றை வாங்குவதா என்பதே அக்கேள்வி. டீசலின் விலை குறைவு. ஒரு லிட்டருக்கு அவ்வண்டி செல்லும் தொலைவோ அதிகம். ஆகவே விடை எளிது என்று பலர் கருதுவர். கணக்கிட்டுப் பார்ப்போருக்கு அது அத்துணை எளிதாகத் தோன்றுவதில்லை. செம்பூரிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இரண்டு மூன்று இலட்சம் ரூபாய்ச் சேமிப்பைப் பற்றிய கேள்வி. அவர்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றிய கேள்வியுமாகும்.

இக்கேள்விக்கு இந்நகரில் முன்பே விடை கண்டவர்கள் டாக்ஸிக்காரர்கள். குர்லாவிலிருந்த பிரிமியர் தொழிற்சாலை ஃபியட் 1100 வண்டியையும், பின்னர் அதன் வழிவந்த பத்மினியையும் தயாரித்தது. கறுப்பும் மஞ்சளும் பூசிய அவ்வண்டிகளே பல்லாண்டுகள் மும்பை டாக்ஸியின் உருவமாக விளங்கின. 1973ஆம் ஆண்டிலும் 1979ஆம் ஆண்டிலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபின் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையேயுள்ள விலை வேறுபாடு டாக்ஸிக்காரரின் கண்ணில் பட்டது. உடலை அப்படியே வைத்துக்கொண்டு பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி, டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டவர் பலர். பிற்காலத்தில் பிரிமியர் கம்பெனியே 137-டி என்னும் டீசல் பத்மினியை வெளியிட்டது. அவர்கள் கணக்கில் பிழையில்லை. ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஒரு கிலோமீட்டரில் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயும் ஆண்டின் முடிவில் 40,000 ரூபாயாகி நிற்கும்.

ஆயினும் அவ்வெற்றி நீடிக்கவில்லை. நகரின் புகையைக் குறித்து மும்பை உயர்நீதிமன்றத்தில் 1999ஆம் ஆண்டு வழக்கொன்று தொடுக்கப்பட்டது. லால் குழு என வழங்கிய குழுவொன்று ஆராய்ந்து அறிக்கை அளித்தது. 2001 அக்டோபரில் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து பழைய டாக்ஸிகள் தூய எரிபொருளுக்கு மாறவேண்டியதாயிற்று. 1995இல் நிறுவப்பெற்ற மகாநகர் கேஸ் நிறுவனம் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவை, அதாவது சி.என்.ஜி.யை, நிலையங்கள் வாயிலாக வழங்கிவந்தமையால் அம்மாற்றம் இயலுவதாயிற்று. கடைசிப் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. இருபது ஆண்டு வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அதுவும் ஓய்வு பெற்றது. டீசலால் இலாபமடைந்த அதே தொழிலினர் அதனைக் கைவிட நேர்ந்த வரலாறு இது. சொந்த வண்டிக்காரர் இதனை அறிந்திருத்தல் நலம்.

டீசல் எஞ்சின் ஏன் சிக்கனமானது என்பதைச் சற்றுக் காண்போம். டீசல் என்பது ஒருவரின் பெயர். ஜெர்மானியப் பொறியியலாளர் ருடால்ஃப் டீசல் 1893இல் உரிமைப் பட்டயம் பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் தமது எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். இச்சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடுவது வீண்முயற்சி என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. மனிதர் பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக அழுத்தப்பெற்று, மின்பொறியால் பற்றவைக்கப்படுகின்றது. டீசல் எஞ்சினிலோ காற்று மட்டுமே பதினாறு முதல் இருபது மடங்கு வரை அழுத்தப்படுகின்றது. அவ்வழுத்தத்தால் விளையும் வெப்பத்தில் எண்ணெய் பீச்சப்பட்டுத் தானே பற்றுகின்றது. அழுத்தம் மிகுந்தால் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கும் மிகும். சைக்கிள் பம்பின் வாயை அடைத்து வேகமாக அழுத்தச் செய்து, குழல் சூடேறுவதை ஆசிரியர்கள் மாணவருக்கு எளிதில் உணர்த்தலாம்.

மற்றொரு காரணத்தை விற்பனையாளர் சொல்வதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 740 கிராம் எடையுள்ளது. ஒரு லிட்டர் டீசலோ 830 கிராம். நாம் எண்ணெயை எடையால் வாங்காமல் அளவால் வாங்குவதால், ஒரு லிட்டர் டீசலில் கூடுதலான சரக்கு அடங்கியிருக்கின்றது. டீசல் வண்டியின் மைலேஜில் ஒரு பகுதி எஞ்சினின் திறமையால் வருவது. மற்றொரு பகுதி லிட்டரின் கனத்தால் வருவது. எரிந்தபின் ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து சுமார் 2.3 கிலோகிராம் கரியமில வாயுவும், டீசலிலிருந்து சுமார் 2.65 கிலோகிராமும் வெளிவருவதற்குக் காரணமும் இதுவே.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். செம்பூரில் குடியிருந்து மாதுங்காவிலுள்ள பள்ளிக்குச் சென்றுவரும் ஓர் ஆசிரியரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நாள்தோறும் போக வரப் பதினாறு பதினேழு கிலோமீட்டர். கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குச் சென்றுவர மூவாயிரத்துக்கு மேல். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் என வைத்துக்கொள்வோம். அவருடைய பழைய பெட்ரோல் வண்டி இப்பொழுது லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தருகின்றது. வாங்க எண்ணும் டீசல் வண்டி 18 தரும். 2024 ஜூலையில் மகாராஷ்டிர அரசு வரியைக் குறைத்தபின் மும்பையில் பெட்ரோல் ஏறத்தாழ 103.50 ரூபாயும் டீசல் 90 ரூபாயும் விற்றன. அவ்விலையில் பழைய வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 9.41 ரூபாயும் டீசல் வண்டிக்கு 5 ரூபாயும் செலவாகும். ஆண்டுச் சேமிப்பு 35,000 ரூபாய்க்கு மேல். இவ்விடத்தில் கணக்கை நிறுத்திவிட்டு வண்டியை வாங்கச் செல்வோரே மிகுதி.

இங்கேதான் தவறு நேர்கின்றது. அடைபட்ட காற்று வடிகட்டி, தேய்ந்த பிளக்குகள், இறுகிப் பிடிக்கும் பிரேக், காற்றுக் குறைந்த டயர் ஆகியவற்றுடன் நோயுற்றிருக்கும் வண்டியை, நல்ல நிலையிலுள்ள டீசல் வண்டியுடன் ஒப்பிடுவது முறையன்று. அதே பெட்ரோல் வண்டி ஒரு நல்ல மெக்கானிக்கின் கையில் சீர்பெற்று 14 கிலோமீட்டர் தருமாயின் அதன் செலவு 7.39 ரூபாயாகக் குறையும். டீசலால் மிஞ்சுவது ஆண்டுக்குச் சுமார் 19,000 ரூபாயே. எஞ்சிய 16,000 ரூபாய் பழுதுபார்த்தலின் பயன். அதனை டீசலின் பெயரில் வரவு வைத்தலாகாது. இனி, டீசல் வண்டிக்கு மூன்று இலட்சம் ரூபாய் கொடுப்பதாகக் கொண்டால், அத்தொகை வங்கியிலிருந்து 7 விழுக்காடு வட்டியாகத் தந்திருக்கக்கூடிய 21,000 ரூபாய் ஆண்டுதோறும் இழக்கப்படும். வண்டியின் மதிப்புத் தேய்மானம் ஆண்டுக்கு 30,000 எனினும் மொத்தம் 51,000 ஆகின்றது. கிலோமீட்டருக்கு 2.39 ரூபாய் மிச்சத்தில் இதனை ஈடுசெய்ய ஆண்டுக்கு 21,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டும். நம் ஆசிரியர் ஓடுவதோ 8,000.

பழைய வண்டி சீர்படுத்தவே இயலாத நிலையிலிருந்தால் கேள்வி மாறுகின்றது. அப்பொழுது ஒப்பிட வேண்டியவை பிறர் ஓட்டிய டீசலும் பிறர் ஓட்டிய பெட்ரோலும். வட்டியும் தேய்மானமும் இரண்டுக்கும் பொது. ஆனால் டீசலின் உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டர்களும் டர்போவும் பழுதுபட்டால் ஓராண்டுச் சேமிப்பை ஒரே பில்லில் விழுங்கிவிடக்கூடும்.

முன்னோர் கணக்கு இன்று ஏன் பொருந்தவில்லை என ஐயுறுவோருக்கு விலை வரலாறே விடை கூறும். 2012 மே மாத இறுதியில் டெல்லியில் பெட்ரோல் 73.18 ரூபாய்க்கும் டீசல் 40.91 ரூபாய்க்கும் விற்றன. அரசின் விலைக் கட்டுப்பாடே டீசலைத் தாழ்த்தி வைத்திருந்தது. 2014 அக்டோபரில் அக்கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் பெட்ரோலையும் மிஞ்சியது. வரிவிதிப்பைப் பொறுத்த வேறுபாடு ஓர் அரசாணையால் தோன்றும், மற்றோர் ஆணையால் மறையும். பத்தாண்டு ஓட்ட எண்ணும் வண்டிக்கு அது உறுதியான அடித்தளமன்று.

ஓட்டத்தின் தன்மையும் கருதத்தக்கது. செம்பூரிலிருந்து சயான் வட்டம் வழியாக மாதுங்கா செல்லும் வண்டி நின்று நின்று ஊர்கின்றது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கேற்ற டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை எரித்துத் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள அதற்கு 550 முதல் 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்கு வண்டி பதினைந்து இருபது நிமிடமாவது தடையின்றி ஓடவேண்டும். குறுகிய ஓட்டத்தில் இது கைகூடாது, வடிகட்டி அடைபடும், எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயில் கலந்து அதன் மட்டத்தை உயர்த்தும். இதற்கு முந்திய பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகள் பெரும்பாலானவற்றில் வடிகட்டியே கிடையாது. அவை அடைபடுவதில்லை, கரியைத் தெருவில் விடுகின்றன.

அத்தெரு எத்தகையது? தாராவியில் தொண்ணூறடிச் சாலையையொட்டிக் கடையும் பட்டறையும் வீடும் சாலையை நோக்கித் திறந்தே இருக்கின்றன; புகைக்குழாயின் உயரமும் தவழும் குழந்தையின் உயரமும் ஏறத்தாழ ஒன்று. செம்பூருக்கருகில் மாகுலில் 1954இலும் 1955இலும் தொடங்கிய இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட குறியீட்டில் அப்பகுதி கடும் மாசுற்ற இடங்களில் ஒன்றாக வைக்கப்பட்டது. குளிர்காலத்தில் காற்று தளரும்பொழுது புகை தங்கிவிடுகின்றது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012 ஜூனில் வகைப்படுத்தியது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் டீசல் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு 147 கிராம் கரியமில வாயுவையும், சீர்பெற்ற பெட்ரோல் வண்டி 164 கிராமையும் வெளிவிடும். இந்தப் பத்து விழுக்காட்டு நன்மைக்கு விலையாகக் கரித்துகளை ஏற்பது இத்தகைய தெருக்களில் நியாயமாகத் தோன்றவில்லை. புகைச் சான்று இருக்கின்றதே எனலாம். டீசல் வண்டிக்கு அச்சோதனை புகையின் கருமையை மட்டுமே அளக்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் அன்று.

இவ்வளவும் அறிந்து, ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட வேண்டிய கள அலுவலர் ஒருவர் டீசலை நாடினால் அவர் செய்வது பிழையன்று. அவர் வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது பார்க்கவேண்டும். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருப்பின் மறுநாள் வருவதாகக் கூறித் திரும்பிவிடலாம். தொடர்ந்து கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. நீலம் எனில் எஞ்சின் எண்ணெய் எரிகின்றது. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிடில் எரியாத டீசலோ குளிர்விக்கும் நீரோ உட்புகுந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்பொழுது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க, காற்று விட்டுவிட்டுப் பலமாக வீசினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. மும்பையில் வெள்ளத்தையும் மறக்கலாகாது. 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் சாதாரண மழைக்கே நீர் தேங்கும் இடங்கள். டீசல் எஞ்சின் நீரை உறிஞ்சினால், அழுத்தத்துக்கு அடங்காத நீரால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பார்த்தால் நீர்க்கறை தெரியும். தரைவிரிப்பின் அடியில் சேறு இருக்கும்.

டெல்லி வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்கும் காரணமுண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளை அங்கே தடுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் வயதை மட்டும் கொண்டு நடவடிக்கை எடுக்கலாகாதென இடைக்கால ஆணை தந்தது. அத்தகைய வண்டியை மும்பைக்குக் கொணர்வோர் தடையின்மைச் சான்று பெற்று, இம்மாநில வரியைச் செலுத்தி, பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருப்பின் புதிய பதிவெண்ணும் பெறவேண்டும். இச்செலவைச் சேர்த்தபின் மலிவு எவ்வளவு மிஞ்சுகின்றதென்று பார்த்துக்கொள்க.

பழைய பெட்ரோல் வண்டியை வைத்துக்கொள்வோருக்கும் இடர் இல்லாமலில்லை. பதினைந்தாண்டு கடந்த மோட்டாரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. இருபதாண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ஆயிற்று. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுவதால் பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் இற்றுப்போகக்கூடும். எத்தனாலின் எரிசக்தி குறைவாதலால் மைலேஜும் சிறிது குறையும். எரிபொருள் குழாய்களை மாற்றுவது பெருஞ்செலவன்று. தீ விபத்தை நினைக்குமிடத்து அதனைத் தள்ளிப்போடுதல் கூடாது.

எஞ்சின் நன்னிலையிலுள்ள பெட்ரோல் வண்டிக்கு டாக்ஸிக்காரர் சென்ற வழி இன்னும் திறந்தே இருக்கின்றது. 2024 ஜூலையில் மும்பையில் சி.என்.ஜி. கிலோகிராம் 75 ரூபாய்க்கு விற்றது. கிலோவுக்கு 20 கிலோமீட்டர் எனக் கொள்ளின் கிலோமீட்டருக்கு 3.75 ரூபாயே ஆகின்றது. அனுமதி பெற்ற கிட்டை அனுமதி பெற்ற ஒர்க்‌ஷாப்பில் பொருத்தி, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். செம்பூர்வாசிகளுக்கு அதற்குரிய அலுவலகம் வடாலாவில் உள்ளது. சிலிண்டரை மூன்றாண்டுக்கொருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.