நாளொன்றுக்கு 29 ரூபாய்

பெரம்பலூர் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அங்கிருக்கும் ஒரு குடும்பத்தின் வரவு என்ன என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, அரசாணையே சொல்லிவிடும். 2021-ல் உயர்த்திய கணக்கு இது: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 500. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் 3,500. நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் தலைக்கு 29 ரூபாய் சொச்சம். இருபது கிலோ அரிசி விலையில்லாமல் வந்துவிடுகிறது. பருப்பு, எண்ணெய், சோப்பு, பஸ் காசு, காய்ச்சலுக்கு மாத்திரை எல்லாம் அந்த 29-க்குள்தான்.

முன்பு இதுவும் இல்லை. 2006 வரை தலைவருக்கு 200 ரூபாய். அந்த ஆண்டு அது 400 ஆனது, 2011-ல் 1,000. அதற்குப் பிறகு பத்து வருஷம் அசையவே இல்லை. அந்தப் பத்து வருஷத்தில் பருப்பு விலை அசையாமல் இருந்ததா என்ன?

இப்படி ஒரு கணக்கில் ஒரு வாரம் வாழ்ந்து காட்டி நிதி திரட்டும் பழக்கம் ஆஸ்திரேலியாவில் உண்டு. ‘ஆக்ட் ஃபார் பீஸ்’ என்ற தேவாலய உதவி அமைப்பு 2014-ல் தொடங்கிய ‘ரேஷன் சேலஞ்ச்’ அது. ஜோர்டான் முகாமில் இருக்கும் சிரியா அகதிக்குக் கிடைக்கும் அளவில் அரிசி, மாவு, பருப்பு, கொண்டைக்கடலை, கொஞ்சம் எண்ணெய். ஜூன் மாத அகதிகள் வாரத்தில் ஏழு நாள் அதைத்தான் சாப்பிட வேண்டும். நண்பர்களும் உறவினர்களும் அதற்காகப் பணம் கட்டுவார்கள். குறிப்பிட்ட தொகை சேர்ந்தால் தேநீரோ மசாலாவோ காய்கறியோ சேர்த்துக்கொள்ளச் சலுகை உண்டு. இந்தச் சலுகைதான் எனக்கு நெருடுகிறது. பட்டினியை விளையாட்டுப் போட்டி மாதிரி ஆக்கிவிடுகிறது. ஆனாலும் சேர்கிற பணம் விளையாட்டுப் பணம் இல்லை. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984-ல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தோடும் இதே அமைப்பு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. ஆக, எங்கோ நடக்கிற கதை என்று ஒதுக்கவும் முடியாது.

நம் நாட்டிலும் 2011-ல் துஷார் வசிஷ்ட், மேத்யூ செரியன் என்று இரண்டு இளைஞர்கள் பெங்களூரில் நாளுக்கு 100 ரூபாயில் வாழ்ந்து பார்த்தார்கள். பிறகு கேரளத்தின் கருகச்சால் கிராமத்துக்குப் போய் 26 ரூபாயில். நாளுக்கு நகரத்தில் 32, கிராமத்தில் 26 ரூபாய்க்கு மேல் செலவழிப்பவர் ஏழை இல்லை என்று திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருந்த நேரம் அது. நிதி திரட்ட அல்ல, தெரிந்துகொள்ளச் செய்தது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தது என்றார்கள். நம்பலாம்.

இரண்டு முயற்சிகளிலும் ஒரு வசதி இருந்தது: முடிகிற தேதி தெரியும். துறைமங்கலத்தில் அது தெரியாது. இலங்கையில் நடந்த 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேரவில்லை. முகாமில் அவ்வப்போது ‘செக்கிங்’ நடக்கும், அன்றைக்கு ஆள் இருந்தாக வேண்டும். வெளியூர் வேலைக்குப் போகிறவர் அதற்காகக் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். முகாம் ஆண்கள் பலருக்கும் சோறு போடுவது பெயின்ட் அடிக்கிற வேலை. மழைக்காலத்தில் அதுவும் படுத்துவிடும். 29 ரூபாய்க் கணக்கு உண்மையில் கடிப்பது அப்போதுதான்.

தன் வாயைக் கட்டிப் பிறருக்குக் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பிடி அரிசித் திட்டத்தைக் காஞ்சிப் பெரியவர் ஊரூராகப் பரப்பினார். மிசோரம் கிறித்தவப் பெண்கள் நூறாண்டுக்கு மேலாக இதையே செய்து தேவாலயப் பணிகளுக்குக் கொடுக்கிறார்கள். முகாம்காரர்களும் கொடுக்கத் தெரியாதவர்கள் இல்லை. 2004 சுனாமியின்போது ஏதிலியர் கழகத் தொண்டர்கள் கடலோரத்தில் நம் மக்களுக்கு உதவ இறங்கினார்கள்.

பெரம்பலூர், அரியலூர் கல்லூரி விடுதி மாணவர்கள் யாராவது இப்படி ஒரு வாரம் வாழ்ந்து பார்க்க நினைத்தால், ஜோர்டான் அளவு வேண்டாம், துறைமங்கலம் அளவே போதும். விடுதிச் சாப்பாட்டில் மிச்சமாகும் காசு முகாம் பிள்ளைகளின் படிப்புக்குப் போகட்டும். பொறியியல் கலந்தாய்வில் முதல் 50 முகாம் மாணவர்களுக்கு அரசே கட்டணம் செலுத்தும் என்று 2021-ல் அறிவித்தார்கள். ஐம்பத்தோராவது பிள்ளைக்கு யாராவது வேண்டும். ஒரே ஒரு யோசனை: வாரத்தை மாதக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தேதியில் யாருக்கும் 29 ரூபாய் குறைவாகத் தெரியாது.