செலாஜினெல்லா இனங்களைப் பிரித்தறிதல்

ஓடைக்கரையிலும் ஈரப் பாறையிலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போற் படரும் செலாஜினெல்லாவைப் பாசியென்று எண்ணுவோர் பலர். அது பாசியன்று. நீரையும் உணவையும் கடத்தும் இழையமும் மெய்யான வேரும் அதற்கு உண்டு. பூவும் வித்துமின்றி, வித்திகளாற் பெருகுவது அது. வித்து வேறு, வித்தி வேறு. எழுத்தொன்றால் மாறும் இவ்விரு சொற்களையும் மாணவர் மயங்குதல் வழக்கம். இச்சாதியில் 700க்கு மேற்பட்ட இனங்கள் உள. இலங்கையின் ஈரக் காடுகளிலும் அவற்றுட் சில வளர்கின்றன.

சாதியை அறிதல் எளிது. இனத்தை அறிதலே அரிது. இதற்கு வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் மூன்று இனங்கள் தக்க சான்றாகும். அவற்றுள் அப்போடா என்பது லின்னேயசு 1753ஆம் ஆண்டிலேயே பெயரிட்டது. லுடோவிசியானா என்பது தெற்கே மெக்சிக்கோ வளைகுடாவை அடுத்த மாநிலங்களுக்குரியது. அதன் பெயரே லூயிசியானாவைக் குறிப்பதாம். எக்கிளிப்பெசு என்பது பேரேரிகளைச் சூழ்ந்த பகுதிகளிலும் அவற்றுக்குத் தென்மேற்கிலும் காணப்படுவது. இம்மூன்றாவது இனம் நெடுங்காலம் அப்போடா என்ற பெயரிலேயே உலர்தாவரகத் தாள்களில் ஒட்டப்பட்டுக் கிடந்தது. 1977ஆம் ஆண்டிலேதான் பக் என்னும் தாவரவியலாளர் அதனைத் தனியினமென விவரித்தார். ஒரு பெயர் பிழைபட்டால், அவ்வினம் எங்கே வாழ்கிறது, எங்கே அருகுகிறது என்ற கணக்கு முழுவதுமே பிழைபடும்.

இவற்றின் தண்டில் இலைகள் நான்கு வரிசையாய் அமையும். பக்கத்து வரிசை இரண்டிலும் பெரிய இலைகள். மேற்புறத்து நடுவரிசை இரண்டிலும் சிறிய இலைகள். கண் செல்வது பெரிய இலைக்கு. செய்தி இருப்பதோ பெரும்பாலும் சிற்றிலையில். எக்கிளிப்பெசில் நடு இலையின் நுனி நீண்டு மயிர்போல் முடியும். அப்போடாவில் அந்நீட்சி இல்லை, நுனி கூராகி நின்றுவிடும். லுடோவிசியானாவின் இலையோரத்திலே பச்சையமற்ற கலங்கள் சில வரிசையாய் நின்று, ஒளி ஊடுருவும் வெண்கரை போலத் தோன்றும். கைவில்லையொன்றே இவற்றைக் காணப் போதும். செடியின் பருமனும் இலைகளின் நெருக்கமும் அத்துணை நம்பத்தக்கன அல்ல. நிழலும் ஈரமும் அவற்றை மாற்றிவிடும்.

இலையோரம் முழுப் பச்சையுமன்றி, தெளிந்த வெண்கரையுமன்றி, இடைப்பட்டு நின்றால் என் செய்வது? அப்போடாவும் லுடோவிசியானாவும் கலந்து பிறந்த செடிகள் உள என்பதைச் சோமர்சும் பக்கும் 1975இல் எடுத்துக்காட்டினர். கலப்பினத்தை ஐயுறுமிடத்து வித்திகளையே ஆராய்தல் வேண்டும். செலாஜினெல்லாவின் கதிரில் வித்திக்கலன்கள் இருவகைப்படும். ஒருவகையில் மாவித்திகள், வழக்கமாக நான்கு. மற்றதில் எண்ணற்ற நுண்வித்திகள். பெற்றோரின் நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று இணைசேராவிடின் ஒடுக்கற்பிரிவு குழம்பும். வித்திகள் சுருங்கியும் உருக்குலைந்தும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத அளவினவாயும் அமையும். நுணுக்குக்காட்டியில் இது தெளிவாகத் தெரியும்.

எனினும் சுருங்கிய வித்தி கண்டவுடனே கலப்பினமென்று துணிதல் தகாது. முதிராத கலனிலும் வித்திகள் அவ்வாறே தோன்றும். இடைப்பட்ட இலையும் கெட்ட வித்தியும் ஒருங்கே அமைந்து, பெற்றோர் இரண்டும் அயலிலே வளருமாயின் ஐயம் பெரிதும் நீங்கும். செடிகளின் தொகையும் சான்றாகாது: மலடான கலப்பினமும் தண்டு படர்ந்து, வேரூன்றி, பரந்ததோர் இடத்தை நிரப்பக்கூடும்.

ஆகையாற் சேகரிப்போர் முதிர்ந்த கதிரோடு கூடிய கிளையையே எடுத்தல் வேண்டும். கதிரில்லாத கிளை மட்டும் கிடைக்குமிடத்து, தாளிற் சாதிப் பெயரை மாத்திரம் எழுதி, இனப்பெயருக்குரிய இடத்தை வெறுமையாய் விட்டுவைப்பதே முறை.