பரீட்சை யாருக்கு?

காலத்துக்கேற்ப மாறாதவனுக்கு இனி வேலையில்லை என்று முதலாளிகள் உபதேசம் செய்து வருகின்றனர். மாறவேண்டியது அவசியமே; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், செயற்கை நுண்ணறிவு புகுந்துவிட்ட காரியாலயத்தில் ஒருவன் மாறினானா, இல்லையா என்பதை எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள்? இதுவே நம் கேள்வி.

2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் கம்பெனியான டாடா கன்சல்டன்ஸி ஸர்வீஸஸ், தன் சிப்பந்திகளில் 100-க்கு 2 பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, விலக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலோர் இடைத்தர, மேல்தர உத்தியோகஸ்தர்கள். செயற்கை நுண்ணறிவு இதற்குக் காரணமன்று, திறமைக்கும் தேவைக்கும் பொருத்தமில்லாமையே காரணம் என்றார் அதன் தலைவர். அவ்வாறே இருக்கட்டும். 'பொருத்தமில்லை' என்ற ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் ஜீவனமே அடங்கியிருக்கிறது. அதைச் சொல்லுமுன் தராசு சரியானதா என்று பார்க்கவேண்டாமா?

யந்திரத்தை எத்தனை முறை உபயோகித்தாய் என்று கணக்கெடுப்பது ஒரு வழி. உனக்கு அது உதவுகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்வது மற்றொரு வழி. இவ்விரண்டையும் நம்புவதற்கில்லை. கலிபோர்னியாவிலுள்ள 'மீட்டர்' என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம், அனுபவமுள்ள 16 மென்பொருள் நிபுணர்களிடம் 246 வேலைகளைக் கொடுத்துச் சோதித்து, முடிவை 2025-இல் வெளியிட்டது. யந்திரத்தின் உதவியால் 100-க்கு 20 பங்கு நேரம் மிச்சமாயிற்று என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். கடிகாரமோ 100-க்கு 19 பங்கு அதிக நேரம் ஆனதாகக் காட்டிற்று!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரு கம்பெனியில் வாடிக்கைக்காரர்களின் குறைகளைத் தீர்க்கும் 5,179 பேரின் வேலையை அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்து, 2023-இல் அறிக்கை வெளியிட்டனர். யந்திரம் வந்தபின் புதியவர்களின் வேலை 100-க்கு 34 பங்கு உயர்ந்தது. தேர்ந்தவர்களுக்கு லாபம் சொற்பமே. தேர்ந்தவர்களின் சாமர்த்தியத்தையே யந்திரம் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்பது அவர்கள் கண்ட விளக்கம். உயர்வை மட்டும் அளந்தால், யந்திரத்துக்குக் குருவாயிருந்தவனே 'மாறாதவன்' என்று பெயர் வாங்குவான். இதைவிட அநீதி வேறுண்டோ?

ஆகவே தொழிற்சங்கங்கள் ஐந்து விஷயங்களைக் கோரவேண்டும். பயிற்சி, சம்பளத்துடன் வேலை நேரத்திலேயே அளிக்கப்படவேண்டும். அளவுகோல் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிவிக்கப்படவேண்டும். முடிந்த வேலையின் தரத்தைப் பார்க்கவேண்டும். யந்திரத்தின் பிழையைக் கண்டு திருத்துவதும் திறமையாகவே மதிக்கப்படவேண்டும். தீர்ப்புத் தவறென்று எண்ணுபவனுக்கு அப்பீல் செய்ய உரிமை வேண்டும்.

பாடம் சொல்லிக்கொடுக்காமல் பரீட்சை வைக்கும் வாத்தியாரை ஊர் மதிப்பதில்லை. தொழிலாளியைச் சோதிக்கப் புறப்பட்டவர்கள், தாங்கள் வைத்த பரீட்சையில் தாங்கள் தேறினார்களா என்பதை முதலில் சொல்லட்டும்.