ஆட்டம் முடிந்த பின் யார் பாடுவது?

அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்கப் போகிறவர்கள் சில சனிக்கிழமை இரவுகளில் ஆட்டம் முடிந்தும் வீடு திரும்புவதில்லை. கடைசி ஆட்டக்காரர் அவுட் ஆனதும் மைதானத்துக்குள் மேடை உருண்டு வருகிறது. ஒலிபெருக்கிகள் முழங்க, கச்சேரி தொடங்குகிறது. ஆட்டத்துக்கு வாங்கிய டிக்கெட்டே பெரும்பாலும் இதற்கும் போதும்.

இந்தத் தாராளத்துக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு உண்டு. பெரிய லீக் அணி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் 81 சொந்த ஊரில். பெயர் பெற்ற எதிரணி வந்தால் கூட்டம் தானே வரும். மற்ற நாட்களில் காலி நாற்காலிகளை நிரப்ப ஏதாவது செய்தாக வேண்டும். புளோரிடா மாநிலத்தின் தாம்பா பே ரேஸ் அணி ஆட்டத்துக்குப் பிந்தைய கச்சேரிகளை வரிசையாக நடத்தத் தொடங்கியது இதற்காகத்தான்.

மூன்று தலைமுறைக்கும் ஒரு பாட்டு

யாரை அழைப்பது என்பதில்தான் சூட்சுமம். புகழின் உச்சியில் இருப்பவர் தனியாகவே மைதானத்தை நிரப்பிவிடுவார். அவர் கேட்கும் தொகை அணிக்குக் கட்டுபடியாகாது. பெயரே தெரியாத புதியவர் என்றால் ஜனம் எழுந்து போய்விடும். தாத்தா, தகப்பன், பேரன் மூவரும் சேர்ந்து வரும் இடம் அது. மூவருக்கும் தெரிந்த பாட்டு வேண்டும். அதில் ஆபாசம் கூடாது. 1960-களில் புகழ் பெற்ற 'பீச் பாய்ஸ்' குழு 1980-களில் பல மைதானங்களில் ஆட்டம் முடிந்ததும் பாடியது. கடலும் கோடை விடுமுறையும் பற்றிய அவர்கள் பாட்டுகள் பெற்றோரின் இளமை நினைவு. பிள்ளைகளுக்கோ தாளம் போட வைக்கும் மெட்டு.

பொறுமையும் வேண்டும்

பாடகருக்கு இன்னொரு தகுதியும் தேவை. பேஸ்பால் ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. சமநிலையில் நின்றால் கூடுதல் இன்னிங்ஸ் ஆட வேண்டும். 1985 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று அட்லாண்டாவில் ஆட்டம் முடிந்ததும் வாணவேடிக்கை என்று அறிவித்திருந்தார்கள். மழையால் தடைப்பட்ட ஆட்டம் 19 இன்னிங்ஸ் நீண்டது. வாணம் வெடித்தபோது விடியற்காலை மணி நான்கு! வாணம் காத்திருக்கும், பாடகர் காத்திருப்பாரா? 2023-ல் பந்து வீச நேரக் கெடு விதித்த பிறகு, சுமார் மூன்று மணி நேரம் நடந்த ஆட்டங்கள் சராசரியாக 2 மணி 40 நிமிடத்துக்குச் சுருங்கியது கச்சேரி நடத்துவோருக்கும் நிம்மதி.

சிகாகோ தந்த பாடம்

கூட்டம் வந்தால் போதும் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சிகாகோ சாட்சி. 1979 ஜூலை 12 அன்று ஒய்ட் சாக்ஸ் அணி டெட்ராய்ட் டைகர்ஸுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆட இருந்தது. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வந்தால் 98 சென்ட்டுக்கு அனுமதி. முதல் ஆட்டம் முடிந்ததும் அத்தனையும் வெடிவைத்துத் தகர்க்கப்படும் என்று விளம்பரம் செய்தார்கள். டிஸ்கோவை வெறுத்த ஒரு வானொலி அறிவிப்பாளரின் யோசனைக்கு அணி நிர்வாகம் இடம் கொடுத்தது. அரங்கு கொள்ளாத கூட்டம். வெடி வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் களத்துக்குள் பாய்ந்தார்கள். புல்தரை நாசமாயிற்று; போலீஸ் வந்து பலரைக் கைது செய்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை. அது டெட்ராய்ட்டுக்கு வெற்றியாக அறிவிக்கப்பட்டது.

டிஸ்கோவை வளர்த்தவர்களில் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும் பலர். அவர்கள் மீதிருந்த வெறுப்பே அன்று இசைத்தட்டுகளின் மேல் பாய்ந்தது என்று பின்னாளில் விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

அன்று அரங்கு நிறைந்தது உண்மை. ஆனால் அணி ஓர் ஆட்டத்தையும் நல்ல பெயரையும் இழந்தது. எத்தனை பேர் வருவார்கள் என்பதோடு, எதற்காக வருகிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.