தீவகத்துப் பருவங்கள் – 6: மாரி இறங்கிய காரைநகர்

சோழகக் காற்றின் இரைச்சலோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். புரட்டாதி கழிய அந்தக் காற்று ஓய்ந்துவிடும். பிறகு காரைநகரில் எல்லோருடைய கண்ணும் வானத்தில்தான். இங்கே ஆறு கிடையாது. அடியில் சுண்ணாம்புக்கல், சுற்றிவரக் கடல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழைதான் ஆண்டு முழுவதுக்குமான நன்னீர். நிலத்தடியில் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கும் அந்த மழைநீரையே நல்ல கிணறுகள் நமக்குத் தருகின்றன.

அதனால் முதல் மழை எல்லோருக்கும் கொண்டாட்டம். மண் நன்றாக நனைந்த மறுநாள் காலை ஒழுங்கைக் கரையைப் பாருங்கள். செம்பட்டில் வெட்டியெடுத்த பொட்டுப்போலத் தம்பளப்பூச்சி ஊர்ந்துகொண்டிருக்கும். விரலால் தொட்டால் கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். சற்றுப் பொறுத்தால் ஒவ்வொரு காலாக நீட்டி மீண்டும் நடக்கும். எண்ணினால் எட்டுக் கால், சிலந்திக்கு உறவு. பிள்ளைகள் நெருப்புப்பெட்டிக்குள் அடைத்து வைக்க ஆசைப்படுவார்கள். ஆசைதீரப் பார்த்துவிட்டு மண்ணிலேயே விடச் சொல்லுங்கள். பூச்சிகளின் முட்டைகளைத் தின்று அது நம் தோட்டத்துக்கு நன்மை செய்கிறது.

கார்த்திகை பிறந்தால் வேலியெங்கும் கார்த்திகைப் பூ. இலை நுனியைச் சுருட்டிப் பற்றிக்கொண்டே கொடி மேலேறும். மஞ்சளாக விரியும் இதழ்கள் நாள் செல்லச் செல்லச் செக்கச்சிவந்து மேல்நோக்கி வளையும். கிழங்கு கொடிய நஞ்சு. அழகைக் கண்ணோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வாடைக்காற்றோடு வடபுலத்துப் பறவைகளும் வந்துவிடும். பொன்னாலைப் பாலத்தால் வரும்போது இருபுறமும் ஆழமில்லாத கடலும் சேறும். நீர் வற்றும் நேரத்தில் உள்ளான்கள் கூட்டமாக இறங்கிச் சேற்றைக் குத்திக் குத்திப் புழுத் தேடும். அவற்றில் பல சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை. "காகம் பறவாத இடமும் இல்லை, காரைதீவார் போகாத இடமும் இல்லை" என்று, முன்பு காரைதீவு எனப்பட்ட இவ்வூரின் மக்களையும் சொல்வார்கள். தென்னிலங்கையெங்கும் கடை வைத்திருந்த ஊரவர்கள் ஈழத்துச் சிதம்பரம் என்னும் நம் சிவன் கோயில் திருவெம்பாவைக்கு ஊர் திரும்பியதும் இதே மார்கழியில்தான்.

தரவைப் புல்வெளியில் அறுகு தழைக்க, மாடுகளின் விலா நிறையும். யாழ்ப்பாணத்தில் கேணிக்கரைகளில் ஆவுரஞ்சிக் கல் நட்ட முன்னோரை இந்த நாட்களில் நினைத்துக்கொள்கிறேன். தண்ணீர் குடித்த மாடு உடம்பை உரஞ்சித் தினவு தீர்க்கட்டும் என்பதற்காக ஒரு கல்! வாயில்லாச் சீவனின் சுகத்தையும் தருமமாக எண்ணிய மனம் அது. அந்த மனம் நமக்கும் வேண்டும்.

நான் இதுவரை சொன்ன இன்பம் எதற்கும் காசு வேண்டாம். ஆனால் மழைநீர் தங்க இடம் வேண்டும். குளத்தைத் தூரவிட்டு, வயலுக்கும் தரவைக்கும் மண் போட்டு நிரப்பினால் பெய்த மழை கடலுக்கு ஓடிவிடும். கிணறு உவராகும், தரவை காயும். கழிவை ஆழமில்லாக் கடலில் கொட்டினால் உள்ளானுக்கு இரையிராது. ஆகவே அடுத்த ஆவணிக்குள், நீர் வற்றிக் கிடக்கும்போதே, உங்கள் குறிச்சிக் குளத்தில் ஒரு நாள் சிரமதானம் வையுங்கள். வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் பற்றையையும் அகற்றுங்கள். ஊர் கூடினால் முடியாத வேலையல்ல.

(அடுத்த வாரம்: பாத்தி கிண்டிப் பனங்கிழங்கு எடுக்கும் தை)